ஒரு நாள் முந்தி நிற்குமா?

"ப்ரோபயோட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய மருந்து) கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் ஒரு நாள் முந்தி நிற்கும், நிரூபித்தாகிவிட்டது" என்று எழுதிய அண்ணா, அது 2010 கதை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அப்போதைய ஆய்வுத் தொகுப்பு ஏறக்குறைய 25 மணிநேரம் குறையும் என்றது உண்மைதான், ஆனால் 2018இல் வெளியான அமெரிக்க, கனடாச் சோதனைகள் இரண்டிலுமே டம்மி மருந்து குடித்த பிள்ளைகளுக்கும் இதைக் குடித்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, 2020இல் காக்ரேனே தன் முடிவை மாற்றிக்கொண்டது. வெள்ளவத்தை பார்மசியில் இதற்குக் கொட்டும் காசுக்கு எத்தனை ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கக் கொடுக்கும் உப்புக் கரைசல் தூள்) பக்கெட் வாங்கலாம்! பக்கெட்டில் போட்டிருக்கிற அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள், சத்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டுக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், கரைத்து 24 மணிநேரம் தாண்டினால் மிச்சத்தை வெளியே கொட்டிவிடுங்கள். சிங்க் (துத்தநாகம்) மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். அப்புறம், கண் குழிந்து, சலம் போகாமல் சோர்ந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி.