மிளகாய் விஞ்ஞானி என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூரில் நடந்த கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. அந்த நாற்பது விநாடிக் காணொளி இதற்குள் உங்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். "மிளகாய் விஞ்ஞானி" என்று தலைப்பு வைத்து, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக ஒட்டி, எனக்கே மூன்று வாட்ஸாப் குழுக்களிலிருந்து வந்தது. வலி ஏற்பிகளை, அதாவது சூடு, குளிர், தொடுதல் போன்றவற்றை உணரும் நரம்புப் புரதங்களைப் பற்றியும், புற்றுநோய் மருந்துகள் நரம்புகளை என்ன செய்கின்றன என்பதைப் பற்றியும் ஒரு மணி நேரம், அதுவும் நல்ல தமிழில், பேசி முடித்த ஆராய்ச்சியாளரான பெண்ணைப் பார்த்து, "முதல்ல கேன்சருக்கு வழி பாருங்கம்மா, வலியெல்லாம் தானாப் போயிடும்" என்றார் ஒரு பெரியவர். அரங்கம் சிரித்தது. பெரியவரின் வயதுக்கு மரியாதை உண்டு. அந்தச் சிரிப்புக்கு என்னிடம் மரியாதை இல்லை.

வலி தானாகப் போகாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கீமோ மருந்தின் அளவைக் குறைக்கவும், சில சமயம் பாதியிலேயே நிறுத்தவும் மருத்துவர்களை நிர்ப்பந்திக்கும் காரணங்களில் நரம்புச் சேதம் முக்கியமானது. சிகிச்சையையே நிறுத்த வைக்கும் ஒன்றை ஆராய்கிறவர் புற்றுநோயை ஆராயவில்லை என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

காணொளியில் வெட்டி எறியப்பட்ட பகுதி இது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் உடம்பில் எதைத் தொடுகிறது என்று தேடிப் போன அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு, 1997இல் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைக் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் அதே ஏற்பிதான் திறக்கிறது. காரம் எரிவதாக நமக்குத் தோன்றுவது அதனால்தான். 2002இல் புதினாவின் குளிர்ச்சியையும் நிஜக் குளிரையும் உணரும் டிஆர்பிஎம்8 ஏற்பியை ஜூலியஸும் இன்னொரு விஞ்ஞானியான ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியாகக் கண்டார்கள். 2021இல் மருத்துவ நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். மிளகாயில் தொடங்கிய ஆராய்ச்சிக்குத்தான் அந்தப் பரிசு. ஸ்டாக்ஹோமில் யாரும் எழுந்து, "இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டதாகத் தெரியவில்லை, அங்கே நம் செம்பூர் அளவுக்கு விவரமானவர்கள் இல்லை போலும்.

என் அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை முடிந்தது 2015இல். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்ஸாலிபிளாட்டின் என்ற பிளாட்டினம் அடங்கிய கீமோ மருந்து ட்ரிப்ஸ், ஒவ்வொரு முறையும் கூடவே இரண்டு வாரத்துக்கு மாத்திரை, மொத்தம் எட்டு முறை என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் ட்ரிப்ஸ் ஏறிய மறுநாள் காலையில் தயிர்ப் பாத்திரத்தை எடுக்க ஃபிரிட்ஜுக்குள் கை விட்ட அம்மா, "கரண்ட் அடிக்குதுடா" என்று அலறிப் பாத்திரத்தைக் கீழே போட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் ஃபிரிட்ஜின் உடம்பெல்லாம் டெஸ்டரை வைத்துப் பார்த்து, எர்த் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். கசிவு இருந்தது அம்மாவின் நரம்பில். அந்த மருந்து நரம்பில் மின் சமிக்ஞையைக் கடத்தும் சோடியம் வாயில்களைக் குழப்பிவிடும் என்றும், குளிர் உணரும் ஏற்பிகளுக்கும் இதில் பங்கு இருப்பதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள் என்றும் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் சிரித்த அதே உரையில்தான்.

ஆறாவது ட்ரிப்ஸுக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப் போயின. ரவிக்கையின் கொக்கியைப் போடக் கண்ணாடி முன் நிற்க வேண்டியதாயிற்று. கை சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஸ்டேஷன் படிக்கட்டில் வலது கால் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு நான்தான் பார்த்தேன். அதுவரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அடுத்த முறை ஓபிடியில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில், அம்மா இதைச் சொன்னபோது, மருத்துவமனையின் பெயர் வேண்டாம், அந்த மருத்துவர் தலையைத் தூக்காமலே, "உயிரோட இருக்கீங்களே, அது பெரிசில்லையா?" என்று கேட்டுவிட்டு வைட்டமின் மாத்திரை எழுதினார். ஏழாவதோடு ட்ரிப்ஸை நிறுத்தினார்கள். நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். மருந்திலுள்ள பிளாட்டினம் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுவதால், மருந்தை நிறுத்திய பின்பும் சில மாதங்களுக்கு மரப்பு கூடிக்கொண்டே போகலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் பாக்லிடாக்செல் வேறு விதமாகக் கெடுக்கிறது. நரம்புக்குள் சரக்குப் போக்குவரத்து நடக்கும் நுண்குழாய்களை அது இறுக்கி உறைய வைத்துவிடுகிறது. மும்பைக்காரர்களுக்குப் புரியும்படி அந்தப் பெண் இதை, பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றார்: தண்டவாளம் இருக்கும், வண்டி போகாது. முதுகிலிருந்து கால் விரல் வரை ஒரு மீட்டர் நீளும் நரம்பின் நுனிதான் கடைசி ஸ்டேஷன் என்பதால் முதலில் அங்கேதான் பஞ்சம். இதற்கும் சிரித்தார்கள், ஆனால் அது நல்ல சிரிப்பு.

இனி வரப்போகும் பின்னூட்டங்கள். "எலிக்கு மிளகாய் தடவி இத்தனை வருடத்தில் என்ன மருந்து கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். டிஆர்பிவி1ஐ அடைக்கும் மருந்துகளைத் தயாரித்தார்கள்; சோதனையில் பங்கேற்றவர்களுக்குக் காய்ச்சல் ஏறியது, சிலருக்குச் சூடு உறைக்காமல் போனது, கைவிட்டார்கள். கீமோவால் வரும் நரம்பு வலிக்கு ஓரளவு பலன் நிரூபிக்கப்பட்டதாக வழிகாட்டுதல்கள் இன்று சொல்லும் ஒரே மருந்து துலோக்செட்டின். அதுவும் மனச்சோர்வுக்காக வந்த மருந்து. வராமல் தடுக்க அவை பரிந்துரைக்கும் மருந்து ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் காட்டி ஆராய்ச்சி வேண்டாம் என்கிறீர்கள். இதே காரணத்தால்தான் வேண்டும் என்கிறேன்.

"நம் நாட்டுக்கு இதெல்லாம் ஆடம்பரம்" என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளையும் நாடு இது. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் நம் நோயாளிகளுக்குக் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது, 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். வலியை அலட்சியம் செய்வதுதான் நம்முடைய ஆடம்பரம்.

"உயிரா, கால் மரப்பா, எது பெரிது?" என்று கேட்பவர்களுக்காக இன்னொன்று. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 12,834 பேரிடம் நடந்த ஆறு சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2018இல் வெளிவந்தது. நோய் திரும்பும் ஆபத்து குறைந்த பிரிவினருக்கு, என் அம்மா எடுத்துக்கொண்ட அதே மருந்துச் சேர்க்கையில், ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமே போதும் என்று அது காட்டியது. நரம்புச் சேதமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மரப்பையும் ஒரு பொருட்டாக மதித்து யாரோ கேள்வி கேட்டதால் கிடைத்த விடை அது. மூன்று மாதம் என்றால் நான்கு ட்ரிப்ஸ். அம்மா எந்தப் பிரிவு என்பது அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் ஒரு வரியாக இருக்கும். கோப்பு பரண்மேல் இருக்கிறது. நான் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.

பெரியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, இன்னும் ரெண்டு தடவைதானே" என்று 2015இல் சொன்னது நான்தான். அவர் மேடையைப் பார்த்துச் சொன்னதை நான் வீட்டுக்குள் சொன்னேன். அப்போது காணொளி எடுக்க யாரும் இல்லை.

காணொளியின் முப்பதாவது விநாடியில், இடது ஓரத்தில், நீலப் புடவை கட்டிய ஒரு பெண்மணி தூக்கிய கையை மெல்ல இறக்குவதை யாராவது கவனித்தீர்களா? அது என் அம்மா. கேள்வி கேட்பதற்காக நெடுநேரமாகக் கையைத் தூக்கி வைத்திருந்தார். சிரிப்பு எழுந்ததும் இறக்கிவிட்டார். மைக் அவரிடம் வரவே இல்லை. நானும் எழுந்து வாங்கிக் கொடுக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில், என்ன கேட்க நினைத்தாய் என்று விசாரித்தேன். முதலில், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு" என்றார். சயான் சர்க்கிள் சிக்னலில் வண்டி நின்றபோது அவராகவே சொன்னார்: "ராத்திரி கால்ல போர்வை பட்டாலே எரியுதே, மரத்துப்போன கால் எப்படி எரியும்னு கேக்கலாம்னு இருந்தேன்." எரிகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை வருடம் அதே வீட்டில், அடுத்த அறையில் படுத்திருக்கிறேன்.

மரத்த நரம்பே எப்படி எரியும் என்பதற்கும், வெறும் தொடுதல் எப்படி வலியாக மாறுகிறது என்பதற்கும் அந்தப் பெண் தொடுதலை உணரும் பீசோ2 ஏற்பியை வைத்து ஒரு படம் காட்டினார். எனக்கு முழுவதும் விளங்கவில்லை. கூட்ட அமைப்பாளர்களிடம் அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு இரண்டு நாளாகிறது, பதில் இல்லை. உங்களில் அவரை அறிந்தவர்கள், அம்மாவின் அந்தக் கேள்வியை அவரிடம் சேர்ப்பித்தால் போதும்.