குடம் 'கும்' என்று அடித்து நிற்க வேண்டும்

"புது ஸ்பீக்கர் பார்க்கப் போறேன் அண்ணாச்சி, கேட்டுப் பார்க்க எந்தெந்தப் பாட்டைக் கொண்டு போகலாம்?" என்று பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் போனில் கேட்டார். இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

கடைகளில் நமக்குப் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் ஒரே வகைப் பதிவுகள்தான். ஒரு கிட்டார், மெல்லிய குரலில் ஒரு பெண், நடுநடுவே ஒரு டிரம் அடி. சுத்தமாகப் பதிவு செய்தவை, ஓரளவு நல்ல ஸ்பீக்கர் எதில் போட்டாலும் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பெண் பாடி நான் நேரில் கேட்டதில்லை. அந்தக் கிட்டார் எப்படி ஒலிக்கும் என்றும் எனக்குத் தெரியாது. அப்படியிருக்க, ஸ்பீக்கர் உள்ளதைச் சொல்கிறதா, கூட்டிச் சொல்கிறதா என்று எதை வைத்து முடிவு செய்வது? என் முதல் ஜோடியை நான் அப்படித்தான் வாங்கினேன். கடையில் மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து தவில் போட்டால் தகர டப்பாவைக் குச்சியால் தட்டுகிற மாதிரி இருந்தது. தவிலின் தொப்பிப் பக்கம் பூவரசங்குச்சி விழுந்தால் நெஞ்சில் அதிர வேண்டும். வலந்தலையில் விரல்கூடு படும்போது தோல் தெறிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து சப்பரத்துக்கு முன்னால் நடந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எந்தச் சத்தத்துக்கு முன்னால் நீங்கள் நேரில் நின்றிருக்கிறீர்களோ, அதன் பதிவைக் கொண்டு போங்கள். இதுதான் நான் சொல்ல வருவது.

என் பட்டியலில் முதலில் இருப்பது வில்லுப்பாட்டு. கடையில் விற்கிற பதிவு இல்லை, எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், கையடக்க ரெக்கார்டரில் நானே எடுத்தது. ராத்திரி மைக்செட் போட்டுவிட்டால் எல்லாம் குழாய் வழியாகத்தான் வரும். அது குழாயின் சத்தம், வில்லின் சத்தம் இல்லை. அதனால் சாயங்காலம் மைக் கட்டும் முன்பே, குழுவின் தலைவராகப் பாடுகிற புலவரிடம் கேட்டுக்கொண்டேன். குழுவினர் இரண்டு பாட்டு பாடிப் பார்த்தபோது ஆறடி தள்ளி வைத்துப் பதிந்தேன். வீசுகோல் நாணில் விழும்போது வில்லில் கட்டிய மணிகள் சிலிர்க்கும். உடுக்கு விம்மும், ஜால்ரா மேலே மினுங்கும். எல்லாவற்றுக்கும் அடியில் குடம்.

குடத்தைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். அதன் வாயில் மட்டை விழுந்ததும் 'கும்' என்று ஒரு காற்று கிளம்பி உடனே நிற்கும். அது நிற்கிறதா என்று கேளுங்கள். சரியில்லாத இடத்தில் அது 'கும்ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே போய் அடுத்த அடியோடு ஒட்டிக்கொள்ளும். ரொம்பச் சின்ன ஸ்பீக்கரில் மண்குடம் பிளாஸ்டிக் வாளியாகிவிடும்.

இரண்டாவது ஜோடி வாங்கிய பிறகும் என் வீட்டில் குடம் இழுத்தது. ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்பட்டேன். குற்றம் அறையுடையது. என் அறை 12 அடிக்கு 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முட்டி மோதி சில சுரங்களை மட்டும் ஊதிப் பெருக்கும். 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸில் தொடங்கும், அப்புறம் அதன் மடங்குகளில் வரும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இந்த வீக்கம் இன்னும் அதிகமாகக் கேட்கும். யாரோ சொன்னார்கள் என்று பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டிப் பார்த்தேன். மெல்லிய பொருள் எதுவும் பேஸை, அதாவது அடி ஒலிகளை, தடுக்காது என்று அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, நாற்காலியையும் பின்சுவரிலிருந்து நகர்த்தினேன். குடம் நின்றது. காசு எதுவும் செலவாகவில்லை.

கணியான் கூத்தில் அடிக்கிற மகுடம் என்ற தோல் வாத்தியமும் இதே வேலைக்கு நல்லது. உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று என்று இரண்டு பேர் அடிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு ஆட்களாகத் தெரிய வேண்டும். இரண்டும் கலங்கி ஒன்றாகிவிட்டால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம்.

அடுத்தது நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவிப் பக்கத்து மனிதர், ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1964இல் மறைந்துவிட்டார். நான் அவரை நேரில் கேட்டதில்லை. ஆனால் நாதஸ்வரம் நேரில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது போதும். 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலும் அவருடைய நாதஸ்வரமும் மாறி மாறி வரும் பாட்டு நம் பக்கத்தில் எத்தனை கல்யாண வீட்டில் ஒலித்திருக்கும்! அது மோனோ பதிவு. "மோனோவை வைத்து ஸ்டீரியோவைச் சோதிப்பதா?" என்று கேட்பார்கள். மோனோதான் சோதனை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதால் ஜானகியின் குரல் இரண்டுக்கும் சரியாக நடுவில், வெறும் சுவரிலிருந்து, ஒரு ஆள் நின்று பாடுவதுபோல வர வேண்டும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பீக்கர்கள் ஒத்துப்போகவில்லை, அல்லது வைத்த இடம் சரியில்லை. இடம் பிடிபடாமல் பரவி, பேஸும் மெலிந்தால், ஒரு ஸ்பீக்கரின் வயரைச் சிவப்பும் கறுப்பும் மாற்றிச் சொருகியிருக்கிறீர்கள். பழைய பதிவு என்பதால் கொஞ்சம் இரைச்சல் இருக்கும், மேல் ஒலிகள் குறைவாக இருக்கும். அதைக் கேட்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லக் கூடாது. இரைச்சல் தனியாக, நாதஸ்வரம் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். நாதஸ்வரத்தின் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் அந்தக் கரகரப்பை மழுக்கி, கேட்க இனிமையாக்கித் தருகிற ஸ்பீக்கர்கள் உண்டு. பலருக்கு அவை பிடிக்கும். எனக்கு அது பொய்யாகப் படுகிறது.

குரலுக்கு பி. சுசீலா. அறுபதுகளின் பாட்டு எதுவானாலும் சரி. ழகரத்தையும் ளகரத்தையும் அவ்வளவு சுத்தமாகச் சொல்வார். அந்த வித்தியாசம் மங்கினால் நடு ஒலிகள் சரியில்லை என்று அர்த்தம். சகரம் காதில் குத்தினால் மேல் ஒலிகள் தூக்கலாக இருக்கின்றன. நம் மொழியை நாம் பிறந்ததிலிருந்து கேட்கிறோம், அதில் நம் காதை ஏமாற்ற முடியாது.

வயலினுக்கு இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்', 1986. வி.எஸ். நரசிம்மனின் தனி வயலின் முன்னால் நிற்க, மற்ற தந்திகள் பின்னால் அடுக்கடுக்காக வரும். என் பழைய ஜோடியில் அவையெல்லாம் ஒரே கம்பளியாக இருந்தன.

கோப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. ரொம்பச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3 கொண்டு போகாதீர்கள். ஜால்ரா தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி ஆகிவிடும். சிடி, இல்லையென்றால் ஒலி எதுவும் இழக்காமல் சுருக்குகிற ஃப்ளாக் கோப்பு. அதைவிட முக்கியம், இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே கூடினது நன்றாக இருக்கிறது என்று காது சொல்லிவிடும். போனில் சத்தம் அளக்கும் ஆப் இருக்கிறது, அதை வைத்துச் சமப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். உங்கள் பணம், உங்கள் வீடு.

இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் டவுனில் வளர்ந்தவர், கொடைக்கு அதிகம் போனதில்லை. குடம் அவருக்கு வெறும் சத்தம்தான். ஆனால் அவருடைய அம்மா தினமும் சாயங்காலம் வீணை வாசிப்பார்கள். நாற்பது வருடமாக அதே பட்டாசலில், வீட்டுக் கூடத்தில், கேட்டுவருகிறார். பத்து நிமிடம் அதைப் பதிந்து கொண்டு போங்கள், அதைவிட நல்ல பதிவு உங்களுக்கு எங்கும் கிடைக்காது என்றேன். என்னிடமிருந்து ரெக்கார்டரை வாங்கிப் போயிருக்கிறார். பதியும்போது ஃபேனை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.