நடு லேன்ல ஸ்பீட் எடுக்குறதுக்கு சட்டத்துல இடமில்ல

சகோ, "கலிஃபோர்னியால நடு மஞ்சள் லேன்ல ஏறி ஸ்பீட் பிடிச்சு மெதுவா ட்ராஃபிக்ல சேர்ந்துக்கலாம், சட்டமே விடுது"ன்னு போட்டிருக்கீங்க, பாதிதான் சரி. அது ரோட்டு நடுவுல, ரெண்டு திசைல வர்ற வண்டியும் லெஃப்ட் திரும்புறதுக்குன்னு மஞ்சள் கோடு போட்டு விட்ட லேன். வண்டிச் சட்டம் 21460.5 பிரிவுப்படி லெஃப்ட் திரும்பி ரோட்டுக்குள்ள வரும்போது அந்த லேன்ல நின்னு பக்கத்து லேன்ல மெர்ஜ் ஆகலாம், ஆனா உள்ள ஓட்டுற தூரம் 200 அடிக்கு மேல போகக்கூடாது, அதாவது சுமாரா பதிமூணு கார் நீளம், அதுல எங்க ஸ்பீட் எடுக்குறது? வாஷிங்டன் ஸ்டேட்ல 300 அடி, அதனால ஒரு ஸ்டேட் ரூலை வச்சு எல்லாருக்கும் சொல்லாதீங்க.

முக்கியமா அது ரெண்டு பக்கத்துக்கும் பொது லேன். வெளிக்கோடு முழுசா, உள்கோடு விட்டு விட்டு இருக்கும் பாருங்க. நான் ஒருநாள் மளிகைக்கடைலருந்து வெளிய வந்து அதுல ஏறி வலது கண்ணாடியவே பாத்துக்கிட்டு உருட்டுறேன், நிமிர்ந்தா நேர் எதிர்ல ஒரு பிக்கப் லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டுட்டு அதே லேன்ல வருது, பின் சீட்ல பொண்ணு, இன்னிக்கும் கை நடுங்குது. ஏறுறதுக்கு முன்னாடி அந்த லேன் காலியான்னு பாருங்க, ஏறினதும் நில்லுங்க, வலது இண்டிகேட்டர் போட்டு தோளுக்கு மேல திரும்பிப் பாத்து கேப் கிடைச்சதும் போங்க. புதுசா லைசன்ஸ் எடுக்குறவங்க நிறைய பேர் படிக்கிறாங்க, தயவுசெஞ்சு அந்த வரியை மாத்திடுங்க.