சாப்பிட நேரம் கொடுத்துவிட்டு அப்புறம் அறிவுரை சொல்லுங்கள்

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்த வீடியோவைப் பற்றித்தான். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லூரி விழாவில் வெயிலில் நின்ற மாணவி சுருண்டு விழுகிறாள். பந்தலுக்குள் இருந்த சிறப்பு விருந்தினர் மைக்கில் சொல்கிறார்: “ராத்திரி பூரா செல்போன், காலையில் பட்டினி. உடம்பைப் பார்த்துக்கவே தெரியல.” கைதட்டல் வேறு.

பட்டினிதான் ஐயா. ஏன் என்று கேட்டீர்களா?

என் மகள் விடுதியில் இருக்கிறாள். மெஸ் திறப்பது ஏழரைக்கு, முதல் வகுப்பு எட்டேகாலுக்கு. குளிக்க வரிசை, தட்டு வாங்க வரிசை. அரை இட்லியோடு ஓடுகிறாள். வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஆறரைக்கே காலேஜ் பஸ். இரண்டாவது பீரியடில் பெஞ்சுக்கு அடியில் டப்பாவைத் திறந்தால் வெளியே நிற்க வேண்டும். சாப்பிட நேரம் கொடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

‘அரை மணி முன்னால் எழுந்தால் என்ன?’ என்று வருவீர்கள். ராத்திரி ஒரு மணி வரை ரெக்கார்டு நோட்டு எழுத வைப்பது யார்? செல்போன் பார்க்கிறார்கள், சரி. நீங்கள் இதை எதில் படிக்கிறீர்கள்? ‘நாங்கள் படிக்கும்போது’ என்று ஆரம்பிப்பவர்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அவர்களை வெறும் வயிற்றோடு வெயிலில் நிறுத்தினால் விழாமல் என்ன செய்வார்கள்? பசியோடு படிக்க முடியாது என்றுதானே 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு போடுகிறோம். பதினெட்டு வயதானால் பசிக்காதா?

தண்ணீராவது குடிக்கிறாயா என்று மகளைக் கேட்டால், “குடிச்சா பாத்ரூம் போகணும்மா, எங்க பிளாக்ல கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல” என்கிறாள். இதுவும் செல்போனால்தானா?

இந்தப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் இல்லை என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது சொல்கிறது. மைதானத்தில் பாதி பஸ் நிறுத்தவே போய்விட்டது. பெண்கள் ஆறு மணிக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கும் பூட்டு. எங்கே ஓடுவது, வராண்டாவிலா?

இத்தனைக்கும் மெஸ் பில்லில் காலை டிபனுக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். சாப்பிடாத நாளைக் கழிக்கக் கூடாதா என்று கேட்டேன். தொடர்ந்து ஒரு வாரம் லீவு போட்டால்தான் மெஸ் ரிடக்‌ஷனாம். அப்போ ஒரு வாரம் தொடர்ந்து மயங்கி விழ வேண்டும் போல.