மஞ்சள் வயரும் சிவப்பு வயரும்

அப்பா ஓட்டிய இருபத்தைந்து ஆண்டுப் பழைய காருக்குப் புது ஸ்டீரியோ வாங்கி, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் பொருத்தக் கொடுத்தேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று. ஸ்டீரியோவின் மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எந்நேரமும் 12 வோல்ட் பெற்று, கடிகாரத்தையும் பதிந்து வைத்த அலைவரிசைகளையும் நினைவில் நிறுத்துவதற்கானது. சிவப்பு வயரிலோ சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வர வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சாவியின் இணைப்பிலேயே சேர்த்துவிட்டதால், வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் 12:00 என்று மின்னுகிறது, 101.4 ரெயின்போ எஃப்.எம்மை மறுபடி தேட வேண்டியிருக்கிறது. கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். வண்டியின் வயதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஞாயிறன்று செட்டை வெளியே இழுத்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. காரோடு வந்த கப்ளரை, அதாவது வயர்களை வெட்டாமல் செருகி இணைக்கும் பிளக்கை, வெட்டி எறிந்திருந்தார்கள். சால்டரிங் கிடையாது; முறுக்கிய செம்புக் கம்பியின் மேல் சுற்றிய டேப், மே மாத வெயிலில் பசை இளகி வழுக்கிக் கழன்று, ஃபியூஸே இல்லாத வயர் டாஷ்போர்டு இரும்பை உரசிக்கொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை, ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் வயர்களைக் காரின் இரும்பு பாடியில் இணைத்து எர்த் செய்திருந்ததுதான். சில பழைய செட்டுகளுக்கு அது சரி. இன்றைய செட்டுகளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர்கள் போக வேண்டும், பாடியில் பட்டால் செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிப்பே (ஐசி) எரிந்துபோகலாம். பொருத்தமான கப்ளர் ஒன்றைப் போட்டிருந்தால் ஒரு வயரைக்கூட வெட்டியிருக்க வேண்டாம். அதற்கான பணத்தைத் தரமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லையே!