இரண்டு பெட்டியும் 800 டாலரும்

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு வழியனுப்பு விழா. என் மேனேஜர் ஓய்வு பெற்றார். தைவானின் தெற்கே கவோசியுங் ஊர்க்காரர். 1982ல் எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்தவர். கேக் வெட்டிவிட்டுப் பேசும்போது, "ரெண்டு பெட்டி, 800 டாலர், அவ்வளவோடதான் வந்து இறங்கினேன்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். இந்தக் கதையை நானும் ஊரில் சொல்வதுண்டு. என் கதையில் பெட்டிக்கு 23 கிலோ கணக்கும், அதில் பாதி அம்மா திணித்த பருப்புப் பொடியும் கூடுதலாக வரும்.

ஏழரைக்கு, வழக்கம்போல துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தம்மா வந்தார். எல் சால்வடாரில் சலாத்தெனாங்கோ பக்கம். 1999ல் இருபத்திரண்டு வயதில் எல்லை தாண்டி வந்தவர். பகலில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறார், ராத்திரி எங்கள் கட்டிடம். நாங்கள் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக் கறுப்புப் பையில் போட ஆரம்பித்தார். மேனேஜர் அவருக்கும் ஒரு துண்டு கேக் எடுத்து வைத்திருந்தார், நல்ல மனிதர்.

கார் நிறுத்துமிடத்தில் நண்பன் ஆரம்பித்தான். "கவனிச்சியா மச்சான், ரெண்டு பேருமே வெறுங்கையோட வந்தவங்கதான். ஒருத்தர் எங்க போய்ட்டார், இன்னொருத்தங்க இன்னும் குப்பைப் பையோட நிக்கிறாங்க. படிப்பு மேல மரியாதை இருக்கிற சமூகம் மேல வந்துடும்டா. எல்லாம் கல்ச்சர்." அவன் கெட்டவன் இல்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அன்று பசி, பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் ஜெயிப்பது அவன்தான். அமெரிக்காவில் தைவானில் பிறந்தவர்கள் சுமார் 4 லட்சம். வயது வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பட்டதாரிகள். எல் சால்வடாரில் பிறந்தவர்கள் சுமார் 14 லட்சம், பட்டதாரிகள் பத்துக்கு ஒருவர் சொச்சம். சம்பளம், சொந்த வீடு, இன்சூரன்ஸ் எதை எடுத்தாலும் இதே சாய்வு. லாஸ் ஏஞ்சலஸில் இதைப் பார்க்கப் புள்ளிவிவரமே வேண்டாம். மெக்ஆர்தர் பார்க் ஓரத்தில் தள்ளுவண்டியில் புப்பூசா என்ற சால்வடார் ரொட்டி விற்கும் தெருவிலிருந்து மான்டரே பார்க் ஏறக்குறைய பத்து மைல். ஒரு காலத்தில் "லிட்டில் தைபே" என்றே பெயர் வாங்கிய ஊர். 1990ல் ஹவாய் நீங்கலாக அமெரிக்காவிலேயே ஆசியர்கள் பெரும்பான்மையான முதல் நகரம் அதுதான்.

நான் தகராறு செய்வது "வெறுங்கையோட" என்ற சொல்லோடுதான்.

மேனேஜரின் பெட்டியில் இல்லாதவற்றை எண்ணிப் பாருங்கள். தைவானின் ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் வாங்கிய பொறியியல் பட்டம், பெருமளவு அரசு செலவில். இங்கே பேராசிரியர் ஒருவர் தரச் சம்மதித்திருந்த உதவித்தொகை. பாஸ்போர்ட்டில் மாணவர் விசா. இதற்கெல்லாம் எடை கிடையாது, அதனால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 1965 குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தபோது, குடும்ப உறவு இருப்பவர்களுக்கும் தொழில்திறன் இருப்பவர்களுக்கும்தான் திறந்தது. பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து புதிதாக வருகிறவனுக்கு இங்கே ஏது மாமா, சித்தப்பா? படிப்பு ஒன்றுதான் டிக்கெட். "வா வா வா, தைவான் பல்கலைக்கழகத்துக்கு வா, போ போ போ, அமெரிக்காவுக்குப் போ" என்று அங்கே பிள்ளைகளே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. 1979ல் அமெரிக்கா பீஜிங்கை அங்கீகரித்து தைபேயைக் கைவிட்டது. ஆனால் 1981ல் தைவானுக்கென்று வருடம் 20,000 பேர் என்று தனி ஒதுக்கீடும் கொடுத்தது. இரண்டு கோடிப் பேர்கூட இல்லாத தீவுக்கு, எழுபது கோடி இந்தியாவுக்கு இருந்த அதே அளவு. க்ரீன் கார்டுக்காக வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

அதாவது அமெரிக்கா தைவானை அப்படியே எடுத்து வைக்கவில்லை. அரிசியைச் சலித்து மேலே நின்ற முழுமணியை மட்டும் எடுத்துக்கொண்டு, "இந்த ஊர் அரிசி எல்லாமே முழுமணிதான் போல" என்று வியக்கிறோம். கல்ச்சர்தான் காரணம் என்றால், 1882 முதல் 1943 வரை சீனர்களைச் சட்டம் போட்டே தடுத்தார்களே, அப்போதும் படிப்பைப் போற்றிய அதே கன்பூசியஸ்தானே? அன்றைக்கு அதே கல்ச்சருக்கு இங்கே வைத்த பெயர் அபின், சூதாட்டம், அழுக்கு. 1943ல் தடையை எடுத்த பிறகும் வருடத்துக்கு 105 சீனர்கள்தான் என்று எண்ணி விட்டார்கள்.

சரி, தைவானில் அத்தனை பட்டதாரிகள் எங்கிருந்து வந்தார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாடுமே அமெரிக்கா முட்டுக்கொடுத்த கம்யூனிச எதிர்ப்பு ராணுவ ஆட்சிகள். தைவானில் 1947 பிப்ரவரி 28க்குப் பிறகு நடந்த படுகொலை, அப்புறம் 1949 முதல் 1987 வரை 38 வருஷம் ராணுவச் சட்டம். எல் சால்வடாரில் 1932ல், நிலமில்லாத விவசாயிகள் எழுந்தபோது, சில வாரங்களில் பல்லாயிரம் பேரைக் கொன்று தீர்த்தார்கள். அந்த நிகழ்வுக்கு அங்கே பெயரே "லா மத்தான்சா", படுகொலை. ரத்தக் கணக்கில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

பிரிந்தது நிலத்தில். சீனாவில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்கு ஒதுங்கிய சியாங் காய்-ஷேக்கின் அரசு 1949ல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றது. 1953ல் உழுபவனுக்கே நிலம் என்று பிரித்துக் கொடுத்தது. அமெரிக்கா பணமும் ஆளும் தந்து பின்னால் நின்றது. சியாங் மகாத்மா ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பறித்தது உள்ளூர் நிலக்கிழார்களின் நிலம், அவருடைய ஆட்கள் எல்லாம் கடல் தாண்டி வந்தவர்கள், அந்தத் தீவில் அவர்களுக்கு ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எல் சால்வடாரில் காப்பித் தோட்டங்களை வைத்திருந்தவர்களே ஆட்சியையும் வைத்திருந்தார்கள், "பதினான்கு குடும்பங்கள்" என்று மக்கள் வாயில் வழக்கு. ஊர்ப்பொது நிலங்களை 1880களிலேயே சட்டம் போட்டு விழுங்கியிருந்தார்கள். அவர்கள் எப்படித் தங்கள் நிலத்தைத் தாங்களே பிரித்துக் கொடுப்பார்கள்?

நிலம் கிடைத்த தைவான் குடியானவன் மகனைப் பள்ளிக்கு அனுப்பினான், 1968ல் ஒன்பது வருடப் படிப்பும் கட்டாயமானது. காப்பிக்கொட்டை பறித்த குடும்பத்தில், அறுவடைக் காலத்தில் கூடை சுமக்கப் பிள்ளையும் வேண்டியிருந்தது. ரெண்டு தலைமுறை கழித்து ஒருவனிடம் பட்டமும் இன்னொருவனிடம் துப்பாக்கியும் இருந்ததை, நண்பன் கல்ச்சர் என்கிறான்.

எல் சால்வடாரில் 1980ல் பேராயர் ரொமேரோவைத் திருப்பலிப் பீடத்தருகிலேயே சுட்டுக் கொன்றார்கள். உள்நாட்டுப் போர் 1992 வரை நடந்தது, 75,000 பேர் அளவில் செத்தார்கள். 1981 டிசம்பரில் எல் மொசோத்தேயில் குழந்தைகளோடு சேர்த்து ஊரையே அழித்த படைப்பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தது அமெரிக்கா. போருக்குப் பிறகு ஐ.நா. அமைத்த உண்மை ஆணையம் 1993ல் அறிக்கை தந்தது. அதனிடம் வந்த புகார்களில் 85 சதவீதம் அரசுப் படைகளையும் அவற்றோடு சேர்ந்த கொலைக் குழுக்களையும் கைகாட்டின.

ஓடி வந்தவர்கள் லாஸ் ஏஞ்சலஸிலும் வாஷிங்டனிலும் அகதி மனு போட்டார்கள். 1980களின் நடுவில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட அது கிடைக்கவில்லை. காரணம் எளிது. "உன் அரசு உன்னைக் கொல்ல வருகிறது" என்று ஒப்புக்கொண்டால், அந்த அரசுக்கு ஏன் பணம் கொடுக்கிறாய் என்ற கேள்வி வரும். தேவாலயங்கள் வழக்குப் போட்டு, 1991ல்தான் அந்த மனுக்களை மறுபடி விசாரிக்க அரசு ஒத்துக்கொண்டது. 1997ல் ஒரு சட்டம் வந்தது. இடதுசாரி அரசுகளிடமிருந்து ஓடி வந்த கியூபாக்காரருக்கும் நிகரகுவாக்காரருக்கும் அதில் சுலபமாக க்ரீன் கார்டு. சால்வடார்காரரோ, தன்னை நாடு கடத்தினால் பெருந்துயரம் வரும் என்று தனியாக வாதாட வேண்டும். எந்தக் கொலைகாரனிடமிருந்து தப்பினாய் என்பதைப் பொறுத்து மரியாதை.

எங்கள் அந்தம்மாவிடம் இருப்பது 2001 நிலநடுக்கங்களுக்குப் பிறகு கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பு, டிபிஎஸ். பெரும்பாலும் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, ஒவ்வொரு முறையும் பணம் கட்டி, கைரேகை வைத்து, இருபத்து நான்கு வருஷம் ஓட்டியிருக்கிறார். வேலை செய்யலாம், வரி கட்டலாம். அதை வைத்து மட்டும் க்ரீன் கார்டு ஆகாது. 2018ல் ஒருமுறை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள், வழக்குகள் காப்பாற்றின. அம்மா செத்தபோது ஊருக்குப் போக அனுமதிக் கடிதம் கேட்டு விண்ணப்பித்தாராம். அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்து வந்ததாம் கடிதம். இதை வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நானும் விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து நொந்தவன்தான். ஆனாலும் என்னுடையது நீண்ட வரிசை, அவ்வளவுதான். அந்தம்மாவுக்கு வரிசையே கிடையாது.

இன்னொன்று, பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. தைவான்காரர்களில் பலருக்கு அப்பா அங்கிருந்து பணம் அனுப்பினார். 1980களில் அந்தத் தீவு கொழிக்க ஆரம்பித்த பிறகு, வீட்டு முன்பணம் அங்கிருந்தே வந்தது. பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டு, அப்பா தைபேயில் தொழில் பார்த்துக்கொண்டு பறந்து பறந்து வந்துபோன குடும்பங்கள் ஏராளம். சால்வடார்காரர்கள் 2023ல் மட்டும் ஊருக்கு அனுப்பியது 800 கோடி டாலருக்கு மேல், அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம் கொடுத்தால்கூட மாதக் கடைசியில் மிஞ்சுவது ஒன்றாக இருக்காது. துபாய்க்கு அண்ணனை அனுப்பிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தைவான்காரர்கள் எல்லாம் சொகுசாக வாழ்ந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மோட்டல் நடத்தி, படுக்கை விரிப்பைத் தாங்களே துவைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் உண்டு. பயமும் கூடவே வந்தது. 1984ல் சியாங் குடும்பத்தைப் பற்றி எழுதிய ஹென்றி லியுவை, கலிபோர்னியாவில் அவர் வீட்டிலேயே தைவான் உளவுத்துறை அனுப்பிய ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். சால்வடார்காரர்களை வெறும் பாவப்பட்டவர்களாகப் பார்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. 1990 ஜூன் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸின் செஞ்சுரி சிட்டியில் துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் மத்திய அமெரிக்கர்கள், சம்பளத்துக்காக ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்து நொறுக்கியது. சில வாரங்களில் ஒப்பந்தம் அவர்கள் கைக்கு வந்தது. எங்கள் தொழிலில் சங்கம் என்றால் முகம் சுளிப்போம், ஆட்குறைப்பு வந்தால் லிங்க்ட்இன்னில் கவிதை எழுதுவோம்.

நண்பா, கல்ச்சர்தான் என்று இன்னும் சொல்வாயானால் நம் வீட்டுக்குள்ளேயே பார். சான்டா கிளாராவில் மென்பொருள் எழுதும் தமிழனும், 1983க்குப் பிறகு டொரான்டோவின் ஸ்கார்பரோவில் உணவகச் சமையலறைகளில் ராப்பகலாக நின்ற ஈழத்தமிழனும் படித்தது ஒரே திருக்குறள், பொங்கியது ஒரே பொங்கல். 1986ல் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்களே, அவர்களுக்குப் படிப்பு மேல் மரியாதை இல்லாமலா? யாழ்ப்பாணத்து ஆட்களிடம் போய் இதைச் சொல்லிப் பார், அப்புறம் தெரியும்.

இன்னொரு தகவல், சும்மா. தைவானை அங்கீகரித்த மிகச் சில நாடுகளில் எல் சால்வடாரும் ஒன்றாக இருந்தது, 2018 ஆகஸ்டில் பீஜிங் பக்கம் தாவிவிட்டது. விழாவில் மேனேஜரிடம் இதைச் சொன்னேன். "தெரியும், அன்னிக்கு அந்தம்மா என்கிட்ட வந்து ஸாரி சொன்னாங்க" என்றார். ரெண்டு பேரும் இருபது வருஷமாக ராத்திரி ஏழரைக்குப் பேசிக்கொள்கிறவர்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

மேனேஜர் அடுத்த மாதம் கவோசியுங் போகிறார், மூன்று மாதம் இருப்பாராம். அந்தம்மாவின் மகள் இங்கே பிறந்தவள், நர்சிங் கடைசி வருஷம். 2025 ஜனவரியில் டிபிஎஸ்ஸை நீட்டித்தபோது கொடுத்த கடைசித் தேதி 2026 செப்டம்பர் 9. அந்த நீட்டிப்புக் கடிதத்தை நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடவே கொண்டுவந்து, வேலை நேரத்தில் துப்புரவு வண்டியில் கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார். வீட்டில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். வழியில் யாராவது நிறுத்தினால் காட்ட வேண்டுமே என்றார்.