உயில் வழக்கைத் தீர்ப்பவர் சட்டம் படித்திருக்க வேண்டாமா?

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில், உயில், சொத்து வழக்குகளைத் தீர்க்கும் புரொபேட் நீதிபதியாக வருகிறவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. இங்கே குடியேறிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. இன்னும் மனம் ஆறவில்லை.

21 வயது, அந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) வாக்குரிமை, ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம். பட்டமும் இல்லையென்றால் புரொபேட் நீதிபதி அலுவலகத்தில் 4 ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால் போதும். 46 கவுண்டிகளுக்கும் இதே விதிதான்.

திருமண உரிமம் தருகிற இடம் என்றுதான் நம்மில் பலருக்கு அந்த அலுவலகத்தைத் தெரியும். ஆனால் அப்பா எழுதிய உயிலில் அண்ணனின் நெருக்குதல் இருந்ததா என்று தீர்ப்பதும் அங்கேதான். நினைவு தப்பிய தாயின் பணத்தையும் வீட்டையும் எந்தப் பிள்ளை கவனிப்பது, மனநோய் முற்றிய ஒருவரை அவர் மறுத்தாலும் மருத்துவமனையில் வைக்கலாமா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. வளர்ந்த ஒரு மனிதரின் கையெழுத்து இனிச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் அது. சிறை வைப்பதற்கு அடுத்தபடியாக இதைவிடப் பெரிய அதிகாரம் எனக்குத் தெரியவில்லை.

இதே மாநிலத்தில் பெரிய வழக்குகளை விசாரிக்கும் சர்க்யூட் நீதிபதியாக வேண்டுமானால் 32 வயது நிரம்பியிருக்க வேண்டும், 8 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். தகுதியை ஆராய ஓர் ஆணையமே இருக்கிறது. அதன் பிறகுதான் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. புரொபேட் நீதிபதியை அப்படி யாரும் சலித்துப் பார்ப்பதில்லை. கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நிற்கிறார். கட்சிக்கென்று இருக்கும் ஒரே பொத்தானை அழுத்தினால் போதும், ஆளுநர் முதல் அவர் வரை அந்தக் கட்சி வேட்பாளர்கள் எல்லோருக்கும் வாக்கு விழுந்துவிடும். பெயரைக்கூடப் படிக்க வேண்டாம்.

இருபது ஆண்டுகள் அந்த அலுவலகத்தில் உழைத்த எழுத்தருக்குப் புதிய வழக்கறிஞரைவிட நடைமுறை நன்றாகத் தெரியும் என்பார்கள். உண்மைதான், கண்ணீரோடு வருகிறவர்களிடம் பேசவும் அவருக்குத் தெரியும். ஆனால் சொத்துக்காக உடன்பிறந்தவர்கள் மோதும் நாளில் எந்தச் சாட்சியத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று அங்கேயே முடிவு செய்தாக வேண்டுமே. அது படிவம் நிரப்பிப் பழகுவதால் வருகிற அறிவு அல்ல.

கனெக்டிகட் மாநிலம் 2011இல் 117 புரொபேட் நீதிமன்றங்களை 54 ஆகக் குறைத்தது. புதிதாக வருகிறவர் வழக்கறிஞராக இருந்தாக வேண்டும் என்றும் விதித்தது. இங்கே ஏன் முடியாது? என் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு இதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். அடுத்த தேர்தலில் அந்த ஒற்றைப் பொத்தானை விட்டுவிட்டு, கடைசிப் பெயர்வரை படித்து வாக்களியுங்கள்.